திரும்பி வருவதில் வெட்கமில்லை: புதியவர் ஒருவருடன் மலையில் ஓர் இரவு

பேர்கன் நகரைச் சூழ்ந்த மலைகளில் கூடாரமிட்டு ஓர் இரவு தங்கிவருவது இந்நாட்டவர் பலருக்கு இளமையிலேயே பழகிய ஒன்றாகும். நம்மில் பலருக்கோ அது வளர்ந்தபின் கற்கும் பாடம். மலையேறிப் பழகிய ஒருவர், அண்மையில் இந்நாட்டுக்கு வந்த மைத்துனரையோ மருமகளையோ முதன்முறையாக அழைத்துச் செல்லும்போது, அவர் வழிகாட்டியாக மட்டுமன்றிப் பொறுப்பாளராகவும் ஆகின்றார். அத்தகையோருக்காகவே இப்பாடம் எழுதப்பட்டுள்ளது.

1. உரிமையும் கடமையும்

நோர்வேயில் காடும் மலையும் எவருக்குச் சொந்தமாயினும், அங்கே நடக்கவும் தங்கவும் எல்லோருக்கும் உரிமை உண்டு. 'அல்லமான்ஸ்ரெட்டன்' எனப்படும் இவ்வுரிமை 1957 ஆம் ஆண்டின் திறந்தவெளி வாழ்வுச் சட்டத்தில் எழுத்து வடிவம் பெற்றது. பயிர்நிலங்களும் வீட்டு வளவுகளும் இதில் அடங்கா.

கூடாரம், மக்கள் வசிக்கும் வீட்டிலிருந்தோ குடிலிலிருந்தோ குறைந்தது 150 மீற்றர் தொலைவில் இருத்தல் வேண்டும். வளர்ந்தவர் ஒருவரின் நடையில் இது ஏறத்தாழ இருநூறு அடிகள். ஒரே இடத்தில் இரண்டு இரவுகளுக்கு மேல் தங்குவதாயின் நில உரிமையாளரின் அனுமதி தேவை. உயர்மலைகளிலும் குடியிருப்புகளிலிருந்து மிகத் தொலைவான இடங்களிலும் இக்கால வரையறை தளர்த்தப்பட்டுள்ளது. ஏப்ரல் 15 முதல் செப்டெம்பர் 15 வரை காட்டிலும் அதன் அருகிலும் திறந்தவெளியில் தீ மூட்டுவது பொதுவாகத் தடைசெய்யப்பட்டுள்ளது.

உல்ரிக்கன் மலையடியில் உள்ள ஸ்வார்த்தெடிக்கெட் ஏரி நம் நகரின் குடிநீர் ஊற்றுகளுள் ஒன்று. ஆகவே குடிநீர்ப் பகுதிகளில் அறிவிப்புப் பலகைகள் கூறும் தடைகளைத் தவறாது கைக்கொள்ளுங்கள்.

2. வழியைத் தெரிவு செய்தல்

உல்ரிக்கன் உச்சியின் உயரம் 643 மீற்றர். அங்கிருந்து 'வீடன்' எனப்படும் மேட்டுவெளியினூடாக, ஏறத்தாழ 320 மீற்றர் உயரத்திலுள்ள ஃபுளோயனுக்குச் செல்லும் பாதை நகரத்தார் பெரிதும் விரும்பும் ஒன்று. பழகியவர் ஐந்தாறு மணித்தியாலங்களில் அதனைக் கடப்பர். எனினும் முதுகில் கூடாரமும் உறக்கப்பையும் சுமக்கும் புதியவருக்கு அது பொருத்தமான தொடக்கமன்று. நடுவழியில் களைத்தவருக்கு முன்னோக்கிச் செல்வதும் பின்னோக்கி வருவதும் ஒரே அளவு கடினமாகிவிடும்.

முதல் இரவுக்கான இடம், கம்பிவட ஊர்தி நிலையத்திலிருந்தோ வண்டி நிறுத்துமிடத்திலிருந்தோ ஒன்றரை மணித்தியால நடைக்குள் அமையட்டும். நள்ளிரவில் இறங்க நேர்ந்தால் இறங்க முடியுமா என்பதே இடத்தைத் தெரிவதற்கான அளவுகோல். ஊர்தி இரவு முழுவதும் ஓடாது. ஆதலால் நடந்து இறங்கும் பாதையையும் முன்னரே அறிந்திருங்கள். ஜூன் மாதத்தில் கதிரவன் மறைய இரவு பதினொரு மணி கடந்துவிடும். ஆகஸ்டு இறுதியிலோ ஒன்பதுக்கு முன்னரே மறைந்துவிடும்.

3. உடையும் சுமையும்

ஒவ்வொரு நூறு மீற்றர் உயரத்துக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 0.6 பாகை குறையும். துறைமுகத்தில் 14 பாகை செல்சியஸ் எனில் உல்ரிக்கன் உச்சியில் 10 பாகை அளவே எதிர்பார்க்கலாம். காற்றும் மழையும் சேரும்போது உடல் உணரும் குளிர் இன்னும் மிகும்.

பருத்தி ஆடை நனைந்தால் எளிதில் உலராது. உடலின் வெப்பத்தையும் கவர்ந்துவிடும். உடலோடு ஒட்டிய ஆடை கம்பளியாக இருத்தல் நன்று. இரவுக்குரிய உலர்ந்த ஆடையொன்றை நீர்புகாப் பையில் இட்டு, உறங்கும் நேரம்வரை தொடாது வைத்திருங்கள். தரையின் குளிரைத் தடுக்கும் மெத்தை விரிப்பு, உறக்கப்பைக்கு இணையான முதன்மை வாய்ந்தது.

புதியவரின் சுமை அவருடைய உடல் நிறையில் ஐந்திலொன்றை விஞ்சக் கூடாது. புதிய பொருள்களை விலைகொடுத்து வாங்குவதற்குமுன், 'பூஆ' இரவல் நிலையங்களில் கூடாரமும் உறக்கப்பையும் கிடைக்குமா என விசாரியுங்கள்.

4. சொல்லப்படாத களைப்பு

நோர்வேயின் மலை விவேக விதிகள் ஒன்பது. அவற்றுள் எட்டாவது விதி, உரிய நேரத்தில் திரும்புங்கள், திரும்புவதில் வெட்கமில்லை என்பதாகும். இவ்விதியை நாம் எளிதாக மனனம் செய்துவிடலாம். நம் குடும்பங்களில் அதனைக் கடைப்பிடிப்பதுதான் அரிது.

ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். மழை தூறுகின்றது. முன்னே செல்பவர் திரும்பி, "களைச்சுப் போனியோ?" என்று கேட்கின்றார். பின்னே வரும் மைத்துனர், "இல்லை அத்தான், பரவாயில்லை" என்கின்றார். அவருடைய சப்பாத்து நனைந்து ஒரு மணித்தியாலம் ஆகின்றது. அத்தான் தமக்காக விடுமுறை எடுத்து வந்திருக்கும்போது முடியவில்லை என்று கூறுவது எப்படி என்பது அவருடைய தயக்கம். அவர் பொய் சொல்லவில்லை, மரியாதை காக்கின்றார். மலையிலோ அந்த மரியாதை உயிருக்கு ஆபத்தாக முடியலாம்.

ஆகவே, ஆம் அல்லது இல்லை என்று விடையளிக்கக்கூடிய வினாவைத் தவிருங்கள். "கால்விரல் சூடாக இருக்கிறதா, குளிர்ந்திருக்கிறதா, விறைத்துவிட்டதா?" என்று கேளுங்கள். ஒவ்வொரு மணித்தியாலத்திலும் நின்று, அவர் உண்டதையும் அருந்தியதையும் கண்ணால் பாருங்கள். மெதுவாக நடப்பவரே முன்னே செல்லட்டும். அவர் நடையே இருவருக்கும் நடை. புறப்படுமுன் வீட்டிலேயே, "எந்த இடத்திலும் நீ திரும்பலாம் என்று சொன்னால், காரணம் கேளாமல் திரும்புவோம்" என வாக்களியுங்கள். மூத்தவர் தமது களைப்பை முதலில் ஒப்புக்கொள்வாராயின் இளையவருக்கு நா எழும்.

5. கூடாரத்தில் இரவு

காற்று மறைவான, நீர் தேங்காத சமதரையைத் தெரிந்தெடுங்கள். உச்சியில் காட்சி அழகாயிருக்கும். காற்றும் அங்கேதான் மிகுதி. கூடாரத்தை எழுப்புவதற்கு வெளிச்சமும் வலுவும் எஞ்சியிருக்கும்போதே நடையை நிறுத்துங்கள். வீட்டு முற்றத்தில் ஒருமுறை கட்டிப் பழகியிருந்தால் மழையில் கை தடுமாறாது.

மூடிய கூடாரத்துள் அடுப்பெரிக்க வேண்டாம். தீ ஒருபுறமிருக்க, மணமற்ற காபனோரொட்சைட்டு வாயு உறக்கத்திலேயே உயிரைப் பறிக்கக்கூடும். மலசலம் கழிக்கும் இடம் நீர்நிலைக்கும் பாதைக்கும் தொலைவாக இருக்கட்டும். கொண்டுசென்ற குப்பை அனைத்தையும் திரும்பக் கொண்டு வாருங்கள்.

6. ஆபத்தின் அறிகுறிகள்

உடல் அளவுக்கு மீறிக் குளிரும்போது நடுக்கம் தோன்றும், கைகள் பொருளைப் பற்றத் தடுமாறும், கால் இடறும், பேச்சுக் குழறும். இவ்வேளை காற்றிலிருந்து மறைத்து, ஈர ஆடையை மாற்றி, விரிப்பின்மேல் உறக்கப்பையில் இருத்துங்கள். தெளிவாக விழுங்கக் கூடியவராயின் இனிப்பான சூடான பானம் கொடுங்கள். மதுபானம் கொடுக்க வேண்டாம். உடல் சூடேறாமலே நடுக்கம் நின்று மயக்கமும் குழப்பமும் தோன்றுவது கடுமையான ஆபத்தின் அடையாளம். உடனே 113 என்னும் இலக்கத்தை அழையுங்கள். குளிரில் மின்கலம் விரைவில் வலுவிழக்கும். எனவே கைப்பேசியை உடலோடு ஒட்டி வைத்திருங்கள். செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் கூறிவிட்டே புறப்படுங்கள்.

பயிற்சி வினாக்கள்

புறப்படுவதற்கு முதல்நாள் மாலை, செல்லும் இருவரும் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு இவற்றுக்கு விடை காணுங்கள்.

அ. நாம் தங்கும் இடத்திலிருந்து இரவில் இறங்கும் பாதை எது? எவ்வளவு நேரம் எடுக்கும்?
ஆ. எந்த நேரத்துக்குள் எந்த இடத்தை அடையாவிடில் திரும்புவோம்?
இ. உங்கள் துணைவர் களைப்பை மறைத்தால் அதனை எந்த அடையாளத்தால் அறிவீர்கள்?

மூன்றாவது வினாவுக்குப் புதியவரே விடை கூறட்டும். "நான் பேசாமல் நடந்தால் களைத்துவிட்டேன் என்று கொள்ளுங்கள்" என அவர் வீட்டிலேயே சொல்லிவிட்டால், மலையில் அதனைச் சொல்லும் சிரமம் அவருக்கு இராது. பாதிவழியில் திரும்பியவர் அடுத்த கோடையில் மீண்டும் ஏறலாம். மலை அங்கேயே இருக்கும்.