இருவேளை உணவும் மக்களின் மதிப்பீடும்

வாழ்க்கைத் தரத்தைச் செலவாலும் கலோரியாலும் அளந்துவந்த தேசிய மாதிரி ஆய்வு, 1983-இல் மக்களையே வினவியது. ஆண்டு முழுவதும் நாள்தோறும் இருவேளை வயிறார உணவு கிடைக்கிறது எனக் கூறிய குடும்பங்கள் நகர்ப்புறங்களில் 93.3 விழுக்காடு, கிராமப்புறங்களில் 81.1 விழுக்காடு. 1993-94-இல் இவை முறையே 98.1, 94.5 என உயர்ந்தன. நகரத்துக்கும் கிராமத்துக்கும் இருந்த இடைவெளி பெரிதும் சுருங்கிற்று.

ஆயினும் அதே காலத்தில் கிராமவாசி ஒருவர் நாளொன்றுக்கு உட்கொண்ட சராசரி ஆற்றல் 2,221 கலோரியிலிருந்து 2,153-ஆகக் குறைந்தது. 1979-இல் திட்டக் குழுவின் பணிக்குழு கிராமங்களுக்கு வகுத்த அளவோ 2,400. எதனை நம்புவது? உடலுழைப்பும் நோயும் குறைந்தமையால் கலோரித் தேவையே குறைந்திருக்கக்கூடும் என்பது ஒரு விளக்கம். பசியை அயலாரிடம் ஒப்புக்கொள்ள நாணுவோரும் உளர்; எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிற்றூரில் அந்நாணம் மிகுதி எனலாம்.

எனினும் சராசரிக் கலோரி காட்டாத ஒன்றை இவ்வினா காட்டிற்று. "சில மாதங்களில் மட்டும்" என்ற விடைக்கும் படிவத்தில் இடமிருந்தது. அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடையே வேலையற்றிருக்கும் கூலிக் குடும்பத்தின் குறை அவ்விடையில்தான் புலப்படும். அத்தகைய குடும்பத்திடம் வட்டார அலுவலர் அடுத்துக் கேட்க வேண்டியது, எந்தெந்த மாதங்கள் என்பதே.