முதலில் டேப், அப்புறம் மனு

சொத்து வரி நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு, "இவ்வளவு எப்படிங்க கட்டுறது?" என்று வருகிற இளையவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். புதிதாக வீடு கட்டியவர்கள் இருக்கிறார்கள், அப்பா காலத்து வீட்டுக்கு இப்போதுதான் பொறுப்பேற்றவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன், கண்ணுகளா.

1. வரி விகிதத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். 2022 ஏப்ரலில் தமிழக அரசு வரியை உயர்த்தியபோது, கோவை போன்ற மாநகராட்சிகளில் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று வைத்தார்கள். சுமைதான், இல்லை என்று சொல்லவில்லை. வழக்கும் போட்டுப் பார்த்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் சென்னை, கோவை மாநகராட்சிகளின் உயர்வுத் தீர்மானங்கள் செல்லும் என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. விகிதம் தப்பு என்றால் அதைக் கவுன்சிலரிடமும் தேர்தலிலும் பேசுங்கள், பேசத்தான் வேண்டும். ஆனால் மனுவில் "வரி அதிகம், குறைத்துத் தரவும்" என்று எழுதினால் அந்தத் தாள் மேசையை விட்டு நகராது. மனுவில் பேச வேண்டியது உங்கள் வீட்டைப் பற்றி மட்டும்தான். அளவு, பயன்பாடு, கூரை, தெரு, கட்டடத்தின் வயது இவற்றில் தவறு இருந்தால் காட்டுங்கள். அதைத் திருத்த வேண்டியது அலுவலகத்தின் கடமை.

2. மனு எழுதும் முன் வீட்டை அளந்து பாருங்கள். பாதிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். அறைக்குள் டேப்பைப் போட்டு, எல்லாவற்றையும் கூட்டி, "என் வீடு 1,160 சதுர அடிதானே, எப்படி 1,265 போட்டார்கள்?" என்று சண்டைக்குப் போவார்கள். வரிக்கு எடுப்பது வெளிச்சுவர் முதல் வெளிச்சுவர் வரை. உள்ளே 40 அடிக்கு 29 அடி இருக்கிற வீட்டைச் சுற்றி 9 அங்குலச் சுவர் இருந்தால், வெளியே 41½ அடிக்கு 30½ அடி. பெருக்கிப் பாருங்கள், 1,265 சதுர அடிக்கும் கொஞ்சம் மேலேயே வரும். அலுவலகம் போட்ட கணக்கு சரி. கோபத்தோடு போய் இதைக் கேட்டுவிட்டுத் திரும்புவதைவிட, வீட்டிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டு பேர் சேர்ந்து அளவெடுங்கள். கீழ்த்தளம், மாடி, மாடிப்படிக் கூடு, கார் நிறுத்துமிடம், வெளிக் கழிப்பறை எல்லாவற்றையும் தனித்தனியாக ஒரு தாளில் வரைந்து, பக்கத்துக்குப் பக்கம் அளவைக் குறியுங்கள். அனுமதி வாங்கிய பிளானையும் பக்கத்தில் வையுங்கள். அதில் இல்லாத அறையை மாடியில் கட்டியிருந்தால், மறு அளவு கேட்கும்போது அதுவும் கணக்கில் ஏறும். அதைத் தெரிந்துகொண்டே மனுவை எழுதுங்கள்.

3. எல்லையில் நிற்கிற வீடுகளுக்கு ஒவ்வொரு அடியும் காசு. 1,190 சதுர அடி வீட்டை 1,215 என்று பதிந்துவிட்டால், 50 சதவீத உயர்வு 75 ஆகிவிடும். பழைய அரையாண்டு வரி 1,600 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2,400 கட்ட வேண்டியவர் 2,800 கட்டுவார். வருடத்துக்கு 800 ரூபாய், திருத்துகிற வரைக்கும். அடுத்தடுத்த உயர்வுகளும் அந்தத் தொகையின் மேல்தான் ஏறும்.

4. பயன்பாட்டைப் பாருங்கள். நம் கோவைக்கே உரிய சிக்கல் இது. கணபதி, பீளமேடு பக்கமெல்லாம் வீட்டுக்குப் பின்னால் லேத் போட்டு ஜாப் ஒர்க் செய்த குடும்பங்கள் எத்தனையோ. மெஷினை விற்று வருடக்கணக்காகியிருக்கும், பட்டறையில் இப்போது பழைய கட்டிலும் சைக்கிளும் கிடக்கும், பதிவேட்டில் மட்டும் தொழிற்கூடம் என்றே இருக்கும். 2022 உயர்வில் தொழிற்கூடங்களுக்கு 75 சதவீதம், கடைகளுக்கு 100 சதவீதம். பட்டறைக்கு வாங்கிய தனி மின் இணைப்பை ரத்து செய்த கடிதம், இப்போதைய வீட்டு மின் கட்டண ரசீது, உள்ளே எடுத்த போட்டோ மூன்றையும் இணையுங்கள். கரண்ட் பில்லை விட நல்ல சாட்சி கிடைக்காது. வாடகைக்கு விட்ட முன்னறைக் கடை காலியாகி, நீங்களே குடியிருந்தாலும் இதே வழிதான்.

5. தெருவுக்கு ஒரு அடிப்படை மதிப்பு உண்டு. உங்கள் தெருவுக்கு என்ன போட்டிருக்கிறார்கள், பக்கத்துத் தெருவுக்கு என்ன என்று கேளுங்கள். 2011-ல் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம், வடவள்ளி, துடியலூர், சரவணம்பட்டி, காளப்பட்டி எல்லாம் மாநகராட்சியோடு சேர்ந்து வார்டுகள் 100 ஆயின. சேர்ந்த ஊர்களில் மெயின் ரோட்டு மதிப்பு உள்சந்துக்கும் ஏறியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். வாய்மொழியாகச் சொல்லாவிட்டால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். உங்கள் கட்டடத்தின் வரிவிதிப்புப் பதிவேட்டு நகலையும் அதே மனுவில் கேட்டுவிடலாம்.

6. 2024-ல் கோவையில் ட்ரோன் பறக்கவிட்டுக் கட்டடங்களை அளந்தபோது எவ்வளவு எதிர்ப்பு வந்தது என்பது நினைவிருக்கும். மேலிருந்து பார்க்கிற கேமராவுக்கு, துணி காயப்போட வேய்ந்த தகரக் கூரையும் கான்கிரீட் அறையும் ஒரே மாதிரிக் கட்டம்தான். கீழே சுவர் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. கூரை ஓடா, ஷீட்டா, கான்கிரீட்டா என்பதைப் பொறுத்து மதிப்பு மாறும். படம் பிடித்து, தேதி போட்டு, நேரில் வந்து அளக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். பில் கலெக்டர் அளக்க வரும்போது நீங்களோ வீட்டுப் பெரியவரோ கூடவே நின்று, அவர் குறிப்பதை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

7. நோட்டீஸ் கையில் கிடைத்த தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். ஆட்சேபம் சொல்லக் கெடு அதிலேயே இருக்கும். கெடு தாண்டினால் நல்ல மனுவும் வீண். முதல் மனு ஆணையர் பெயருக்கு, மண்டல அலுவலகம் வழியாக. வரிவிதிப்பு எண், தவறு என்ன, சரியானது என்ன, ஆதாரம் என்ன, இவ்வளவும் ஒரே பக்கத்தில் அடங்கட்டும். சீல் வைத்த ஒப்புகை வாங்காமல் படியிறங்காதீர்கள். மாநகராட்சியின் செவ்வாய்க்கிழமை குறைதீர்க் கூட்டத்திலும் ஒரு நகல் கொடுங்கள். மனுவைத் தள்ளினால், காரணம் எழுதிய உத்தரவைக் கேட்டு வாங்குங்கள். மேல்முறையீட்டுக்கு அதுதான் அடிப்படை. பழைய ஆட்கள் 1981 மாநகராட்சிச் சட்டத்தின் பிரிவுகளைச் சொல்வார்கள். ஆனால் 2023 ஏப்ரல் 13 முதல் நடைமுறையில் இருப்பது 1998-ம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம்.

8. வரியை நிறுத்தி வைக்காதீர்கள். பாக்கியோடு போனால் மேல்முறையீடு நிற்காது, தாமதத்துக்கு மாதம் 1 சதவீதமும் சேரும். ஆட்சேபத்தோடு செலுத்துவதாக ஒரு கடிதம் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள். அரையாண்டின் முதல் மாதத்தில், அதாவது ஏப்ரலிலோ அக்டோபரிலோ கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகையும் உண்டு, 5,000 ரூபாய் வரை.

9. அப்பா இறந்து, வரி ரசீது இன்னும் அவர் பெயரிலேயே இருந்தால் முதலில் பெயர் மாற்றம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பத்திர நகல் இருந்தால் போதும்.

10. "ஆள் இருக்கிறார், கொடுப்பதைக் கொடுத்தால் குறைத்துவிடுவார்" என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். அப்படிக் குறைத்த வரி அடுத்த ஆய்வில் பழைய பாக்கியோடு திரும்பி வரும். உங்கள் வீட்டின் சரியான அளவு உங்கள் பக்கம் இருக்கும்போது யாருக்கும் பணம் கொடுக்க அவசியமில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறும் முன் பக்கத்து வீட்டுக்காரரைத் துணைக்குக் கூப்பிட்டு வீட்டை அளந்துவிடுங்கள். அடுத்து அவர் வீட்டையும் அளந்து கொடுங்கள்.