பால்பல் தானே, விழுந்திடும்!



போன மாதக் குழுக் கூட்டத்துக்கு நம் உறுப்பினர் ஒருவர் வரவில்லை. மறுநாள் விசாரித்தோம். “பையனுக்கு ராத்திரியெல்லாம் பல்வலிக்கா. கன்னமே வீங்கிப்போச்சு. ஆஸ்பத்திரியில பல்லைப் பிடுங்கிட்டாங்க. எனக்கு ரெண்டு நாள் வேலையும் போச்சு. ஆறு மாசம் முன்னாடியே கறுப்பாத்தான் தெரிஞ்சுது. பால்பல் தானே, விழுந்திடும்னு விட்டுட்டேன். மிஷினை வச்சா கத்துவானேன்னு பயம் வேற” என்றார்.

இந்த அலட்சியமும் பயமும் நம் எல்லோரிடமும் உண்டு. ஆனால் கடைவாய்ப் பால்பல் 10, 12 வயது வரை வாயில் இருக்க வேண்டியது. முன்னதாகவே போனால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்துக்குச் சாய்ந்துவிடும். பிறகு முளைக்கிற நிலையான பல்லுக்கு இடம் போதாது.

சரி, மிஷினும் ஊசியும் இல்லாமல் சொத்தைக்கு வைத்தியம் உண்டா?

ஸ்காட்லாந்தில் நோர்னா ஹால் என்ற பல் டாக்டர் 1980-களின் கடைசியிலிருந்து ஒரு முறையைச் செய்துவந்தார். சொத்தையைக் குடைவதில்லை, மரத்துப்போக ஊசி போடுவதில்லை. பல் அளவுக்குப் பொருந்தும் ஸ்டீல் கேப்பில் பல் சிமென்ட்டை வைத்து, பல்லின் மேல் அழுத்தி மாட்டிவிடுவார். கிருமிக்குச் சர்க்கரை கிடைக்காது. அதனால் சொத்தை வளராமல் நின்றுபோகும். பல் விழும்போது கேப்பும் சேர்ந்து விழுந்துவிடும்.

“சொத்தையை உள்ளே வைத்து மூடலாமா?” என்று மற்ற டாக்டர்கள் சந்தேகப்பட்டார்கள். நியாயமான சந்தேகம்தான். ஒருவர் அனுபவத்தை மட்டும் நம்பி எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்துவிட முடியாது. அதனால் டன்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் அல்ல. ஊரில் சாதாரணமாக வைத்தியம் பார்க்கிற 17 பல் டாக்டர்களின் கிளினிக்கிலேயே நடந்தது. அங்கே வந்த 132 பிள்ளைகளைப் பெற்றோர் சம்மதத்துடன் சேர்த்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே மாதிரியான இரண்டு சொத்தைப்பல். ஒன்றுக்கு ஸ்டீல் கேப், மற்றதற்கு வழக்கமான வைத்தியம். எதற்கு எது என்பதை டாக்டர் முடிவு செய்யவில்லை. நம்ம சீட்டுக் குலுக்கல் மாதிரிதான் முடிவானது. டாக்டருக்குப் பிடித்த முறைக்குச் சாதகமாக நல்ல பல்லைத் தேர்ந்தெடுத்துவிடக் கூடாது அல்லவா?

2 வருட முடிவு 2007-ல் வெளிவந்தது. சீழ் பிடிப்பது, வேர் பழுப்பது போன்ற பெரிய தொல்லை, வழக்கமான வைத்தியத்தில் 100-க்கு 15 பற்களுக்கு வந்தது. கேப் போட்டதில் 2 பற்களுக்கு மட்டுமே. 100-க்கு 77 பிள்ளைகள் கேப் முறைதான் பிடித்தது என்றார்கள். 2011-ல் வந்த 5 வருடக் கணக்கும் இப்படியே இருந்தது. 2010-ல் ஸ்காட்லாந்து பல் டாக்டர்களுக்கான வழிகாட்டுதலில் இந்த முறை இடம்பெற்றது. இன்று பல நாடுகளில் செய்கிறார்கள். ஆனால் ஏற்கனவே சீழ் வைத்த பல்லுக்கும், ராத்திரி தூங்கவிடாமல் வலிக்கிற பல்லுக்கும் இது சரிவராது. சீக்கிரம் போனால்தான் பலன்.

இன்னொரு ஆய்வையும் தெரிந்துகொள்வோம். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில் 72 கிளினிக்குகளில், சொத்தை வந்துவிட்ட 1,144 பிள்ளைகளை ஏறக்குறைய 3 வருடம் கவனித்தார்கள். முந்தைய ஆய்வு ஒவ்வொரு பல்லாகப் பார்த்தது. இது பிள்ளையின் வாய் முழுவதையும் பார்த்தது. ஒரு பிரிவுக்கு வழக்கமான வைத்தியம், ஒரு பிரிவுக்குக் கேப் போன்று மூடும் வைத்தியம், ஒரு பிரிவுக்குத் தடுப்பு முறை மட்டும். 2020-ல் முடிவு வந்தது. மூன்று பிரிவிலும் பெரிய வித்தியாசம் இல்லை! மொத்தத்தில் 100-க்கு 43 பிள்ளைகளுக்கு ஒரு தடவையாவது வலியோ சீழோ வந்துவிட்டது.

இதில் நமக்கு என்ன பாடம்? சொத்தை வந்த பிறகு எந்த வைத்தியம் செய்தாலும் பாதிப் பிள்ளைகள் வரை கஷ்டப்படுகிறார்கள். வருமுன் காப்பதே மேல்.

* ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட்டால் காலையிலும், ராத்திரி படுக்குமுன்பும் பல் துலக்க வேண்டும். 3 வயதுக்குள் அரிசி அளவு, அதன்பின் பட்டாணி அளவு பேஸ்ட் போதும்.
* 7 வயது வரை நாமே துலக்கிவிட வேண்டும்.
* பால் பாட்டிலை வாயில் வைத்தபடி தூங்கவிடக் கூடாது. மிட்டாய், பிஸ்கட்டை அடிக்கடி கொடுக்கக் கூடாது.
* பல்லில் கறுப்போ குழியோ தெரிந்தால் வலிக்கும்வரை காத்திருக்காதீர்கள்.

நம் ஊர்ப் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் ஆய்வுகள் நடக்கின்றன. “உங்க பிள்ளையைச் சேர்த்துக்கலாமா?” என்று கேட்டால் பயப்படவும் வேண்டாம், படிக்காமல் கையெழுத்துப் போடவும் வேண்டாம். எதைச் சோதிக்கிறீர்கள்? சேராவிட்டால் என்ன வைத்தியம்? தொல்லை வந்தால் செலவு யாருடையது? இவற்றைக் கேளுங்கள். படிவத்தின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். மறுப்பதும், இடையில் விலகுவதும் நம் உரிமை. அதற்காக வைத்தியத்தை நிறுத்தக் கூடாது.

கூட்டத்தில் கலந்து பேசுவோம்:

1. நம் குழுவில் எத்தனை பிள்ளைகளுக்குச் சொத்தைப்பல் இருக்கிறது?
2. பல்வலியால் எத்தனை நாள் பள்ளியும் வேலையும் போயின?
3. எல்லோரும் சேர்ந்து பிள்ளைகளைப் பரிசோதனைக்கு என்றைக்கு அழைத்துப் போகலாம்?

முடிவு செய்த தேதியைத் தீர்மான நோட்டில் எழுதிவிடுங்கள், தோழிகளே!