மீனின் பழுதை ஆய்வுகூடம் அறியும் விதம்

நெல்லைப் பல்லாற் கடித்து அதன் காய்ச்சலை அறிவது நம் கமக்காரர் வழக்கம். ஆயினும் ஈரம் 14 சதவீதத்தில் நிற்கின்றதா என்பதை ஈரமானியே திட்டமாகச் சொல்லும். மீனும் அவ்வாறே. கண், செவுள், மணம் என்பவற்றைப் பார்த்து வாங்குதல் நன்று. ஆனால் மீனில் உண்டாகும் ஒரு நஞ்சு இவற்றாற் புலப்படாது.

நாறும் பழுது: கடல்மீன் இறந்தபின் பற்றீரியாக்கள் பெருகி, டிரைமெதிலமைன், அமோனியா முதலியவற்றை உண்டாக்கும். கெட்ட மீனின் நாற்றம் பெரிதும் இவற்றாலாயது. ஆய்வுகூடத்தில் தசையை அரைத்து, சாற்றை நீராவியால் வடித்து, அதில் வரும் நைதரசனை அளந்து பழுதைக் கணிப்பர்.

நாறாப் பழுது: சூரை, கும்பிளா, சாளை போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் மிகுதி. மீன் வெப்பத்திற் கிடந்தால், சில பற்றீரியாக்கள் அதனை ஹிஸ்டமைன் ஆக மாற்றும். நாற்றம் எழுமுன்னரே இது கூடிவிடலாம். இதனை மிகுதியாக உண்டோர்க்குச் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ முகஞ் சிவத்தல், தலைவலி, தோலரிப்பு, வயிற்றோட்டம் தோன்றும். கறியாக்கினும் பொரிப்பினும் கருவாடாக்கினும் இந்நஞ்சு அழியாது.

கொழும்பு மட்டக்குளியிலுள்ள நாரா நிறுவனம் போன்ற ஆய்வுகூடங்கள் இதனை அளக்கின்றன. மீனுக்கு மீன் அளவு வேறுபடுவதால் ஒரு மாதிரி போதாது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, இவ்வகைப் பச்சைமீன் தொகுதியொன்றில் 9 மாதிரிகள் எடுக்கப்படும். அவற்றின் சராசரி கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டலாகாது. எந்த மாதிரியும் 200 மில்லிகிராமைத் தாண்டலாகாது.

நமது வீட்டில் ஆய்வுகூடமில்லை. குளிரே நமக்குக் காவல். பாலமுனைக் கரையிற் காலையில் மீன் வாங்கி, வயல் வாடிக்குக் கொண்டுசென்று உச்சிவேளையில் ஆக்குவோர் பின்வருவனவற்றைக் கைக்கொள்க:

1. பனிக்கட்டியில் வைத்திருந்த மீனையே வாங்குக. உண்டான நஞ்சைப் பனிக்கட்டி நீக்காது. மேலும் உண்டாவதையே தடுக்கும்.

2. குடலும் செவுளும் நீக்கிக் கழுவி, மூடிய பெட்டியில் மீனும் பனிக்கட்டியும் அடுக்கடுக்காக இட்டு நிழலில் வைக்குக.

3. வெயிலிற் கிடந்த மீனை உப்பிட்டுக் கருவாடாக்கற்க. அதனைத் தென்னையடியிற் குழிதோண்டிப் புதைப்பின் உரமாகும்.

4. மேற்கூறிய குறிகள் தோன்றின் தாமதியாது வைத்தியசாலைக்குச் சென்று, உண்ட மீன் இன்னதென்று வைத்தியரிடம் கூறுக.

மீனுக்குக் கொடுத்த பணம் வீணாகுமேயென்று ஐயமான மீனை அடுப்பேற்றற்க. அடுப்பு இந்நஞ்சை மாற்றாது.