கவுன்சிலிடம் பணம் கேட்கும் முன்…

இங்கிலாந்தில் பல உள்ளூர் கவுன்சில்கள், ஏற்றத்தாழ்வைக் குறைக்க உழைக்கும் சிறு குழுக்களுக்கு உதவித்தொகை தருகின்றன. பெரும்பாலும் சில நூறு பவுண்டிலிருந்து சில ஆயிரம் வரைதான். முதியோருக்கு மதிய உணவு, அகதிப் பெண்களுக்கு ஆங்கில வகுப்பு போன்ற வேலைகளுக்கு அது போதும்.

அறக்கட்டளையாகப் பதிவு செய்யாததால் தகுதியில்லை என்று பல குழுக்கள் ஒதுங்கிவிடுகின்றன. வீண் தயக்கம். ஆண்டு வருமானம் 5,000 பவுண்டைத் தாண்டினால்தான் பொதுவாகப் பதிவு கட்டாயம்.

எழுதப்பட்ட யாப்பு, குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு, கையொப்பமிட உறவினரல்லாத இருவர்: இவை பெரும்பாலும் அவசியம். தலைவரும் பொருளாளரும் கணவன் மனைவியாக இருந்தால் விண்ணப்பம் அங்கேயே சிக்கும் (நம் சங்கங்கள் கவனிக்க!). சிறுவர்களோடு வேலை என்றால் பாதுகாப்புக் கொள்கையும் கேட்பார்கள்.

2010 சமத்துவச் சட்டம் வயது, இனம், மாற்றுத்திறன் உட்பட 9 தன்மைகளைப் பாதுகாக்கிறது. அதன்படி, பாகுபாட்டை ஒழிப்பதையும் சம வாய்ப்பையும் மனத்தில் வைத்தே கவுன்சில் முடிவெடுக்க வேண்டும். ஆகவே, யாருக்கு என்ன தடை என்பதைத் திட்டமாக எழுதுங்கள். ‘சமூகம் மேம்படும்’ என்பது வெறும் பேச்சு. ‘தனியே வாழும் 20 முதியவர்கள் வாரம் ஒருமுறை கூடி உண்பார்கள்’ என்பது திட்டம்.

அனுமதி வருமுன் செலவழித்த பணம் பொதுவாகத் திரும்பக் கிடைக்காது. உள்ளூர்த் தன்னார்வ சேவை மன்றங்கள் பல, விண்ணப்பத்தை இலவசமாகப் பார்த்துத் தரும். கடைசித் தேதிக்கு முன்பே அணுகுங்கள்.