அளந்து மீட்கும் அறிவியல்

நுழையும்முன்

அறுந்த மீன்வலைக் குவியல், காண்போர்க்கு வெறும் குப்பை. அதில் நைலான் எத்தனை பங்கு என்று அளந்துவிட்டால், அதுவே மூலப்பொருள். அளக்கும் வழியை விளக்குகிறது இப்பாடம்.

தறியும் வலையும்

கூவம் ஆற்றின் வளைவில் அமைந்துள்ளது சிந்தாதிரிப்பேட்டை. 1734ஆம் ஆண்டில், ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், கிழக்கிந்தியக் கம்பெனி நெசவாளர்களைக் குடியேற்றி உருவாக்கிய ஊர் இது. 'சின்னத் தறிப் பேட்டை' என்பதே இவ்வாறு மருவியது என்பர். நூலால் பெயர்பெற்ற அவ்வூரில் இன்று மீன் அங்காடி புகழ்பெற்றது. அங்கு விற்கப்படும் மீனைப் பிடிக்கும் வலையும் நூலே. ஆனால், அது பருத்தி நூலன்று, நைலான் நூல்.

பருத்தி வலை நாளடைவில் இற்றுப்போகும்; நைலான் எளிதில் மட்காது. அதுவே அதன் சிறப்பு, கேடும் அதுவே. கடலில் கைவிடப்பட்ட வலை, மீன்களையும் ஆமைகளையும் தொடர்ந்து சிக்கவைத்துக் கொல்கிறது. ஆகவே, பழைய வலைகளைக் கரைக்குக் கொணர்ந்து மீண்டும் பயன்படுத்துவது இன்றியமையாதது.

ஏன் அளக்க வேண்டும்?

நைலான் 6 என்னும் பலபடி, கேப்ரோலாக்டம் என்னும் ஒற்றைப்படியால் ஆனது. தகுந்த வினையூக்கியுடன் வெப்பமும் நீராவியும் செலுத்தினால், அது மீண்டும் கேப்ரோலாக்டமாகப் பிரியும். தூய்மைப்படுத்திய பின் அதிலிருந்து புதுநூலுக்கு நிகரான நூலை உருவாக்கலாம். இதுவே வேதிவழி மறுசுழற்சி.

ஆனால், வலைக்குவியலில் பாலிஎத்திலீன் வலையும் பாலிபுரோப்பிலீன் கயிறும் கலந்திருக்கும். அவை கேப்ரோலாக்டம் தருவதில்லை. நைலானின் பங்கை மிகுத்து மதிப்பிட்டால் ஆலைக்கு இழப்பு. குறைத்து மதிப்பிட்டால் வலையை விற்கும் மீனவர்க்கு இழப்பு.

அளக்கும் முறைகள்

முதலில், குவியலின் பல இடங்களிலிருந்து துண்டுகள் எடுத்து, நறுக்கிக் கலந்து மாதிரி உருவாக்க வேண்டும். நீரிலிட்டால் பாலிஎத்திலீனும் பாலிபுரோப்பிலீனும் மிதக்கும், அடர்த்தி 1.14 உடைய நைலான் மூழ்கும். பாலியெஸ்டரும் மூழ்குமாதலால் இது முதற்கட்டப் பிரிப்பே.

அடுத்தது நைட்ரஜன் அளவீடு. 1883இல் ஜெல்டால் வகுத்த முறை இதற்கு உதவும். நைலானின் எடையில் 12.38 விழுக்காடு நைட்ரஜன். மேற்கூறிய பிற மூன்றிலும் நைட்ரஜன் இல்லை. எனவே, மாதிரியில் 6.19 விழுக்காடு நைட்ரஜன் இருப்பின், அதில் சரிபாதி நைலான்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. வலையில் ஒட்டிய மீன் தசை புரதமாகும். புரதத்தில் ஏறத்தாழ 16 விழுக்காடு நைட்ரஜன் உண்டு. கழுவாத வலை, இல்லாத நைலானை இருப்பதாகக் காட்டும். நைலான் ஈரம் உறிஞ்சும். உலர்த்தாத வலை, இருக்கும் நைலானைக் குறைத்துக் காட்டும்.

நைலான் 6, நைலான் 6,6 இரண்டிலும் நைட்ரஜன் அளவு ஒன்றே. அவற்றை உருகுநிலை பிரித்துக்காட்டும். முன்னது ஏறத்தாழ 220 பாகை செல்சியசிலும், பின்னது ஏறத்தாழ 260 பாகையிலும் உருகும். இவ்வாறு, ஒரு முறை விட்டதை மற்றொன்று நிறைவுசெய்கிறது.

கழுவுதலும் உலர்த்தலும் எளிய பணிகளே. எனினும், அவற்றில் நேரும் பிழையைக் கருவி திருத்தாது. நேர்மையான அளவீடே கடலுக்கும் மீனவர்க்கும் ஆலைக்கும் நலம் பயக்கும்.

தெரிந்து தெளிவோம்

1935இல் டியூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் நைலான் 6,6ஐ உருவாக்கினார். 1938இல் செருமனியில் பவுல் சிலாக் நைலான் 6ஐ உருவாக்கினார்.

கற்பவை கற்றபின்

நன்கு கழுவி உலர்த்திய வலை மாதிரியில் 9.285 விழுக்காடு நைட்ரஜன் உள்ளது எனில், நைலானின் பங்கைக் கணக்கிடுக. கழுவாமல் அளந்திருந்தால் விடை எவ்வாறு மாறும் என்பதை வகுப்பறையில் கலந்துரையாடுக.