உறக்கமன்று

நாச்சாரத்தில் வாழும் நம் அண்ணன்மாரும் அக்காமாரும் பலர் ஐதராபாத்துக் கல்லூரிகளில் பயில்கின்றனர். தெலங்கானாவில் 21 வயது நிரம்பாதோர்க்கு மது விற்றல் குற்றமாகும். ஆயினும் பிறந்தநாள் விருந்து, தேர்வு முடிந்த இரவு என மாணவர் சிலர் குறுகிய நேரத்தில் மிகுதியாகக் குடித்துவிடுகின்றனர்.

கல்லீரல் மதுவை மெதுவாகவே சிதைக்கும். ஒரு சிறிய புட்டி பீரை அகற்றவே 1 மணி நேரத்திற்கு மேலாகலாம். தேநீரோ குளிர்ந்த நீரோ அதனை விரைவுபடுத்தா. 2 மணி நேரத்தில் ஐந்தாறு புட்டிகள் குடித்தால், எஞ்சிய மது குருதியில் தங்கி மூளையை மயக்கும். முதலில் நடை தள்ளாடும். பின்னர் மூச்சே தளரும். வாந்தி மூச்சுக்குழலை அடைத்தலும் உண்டு. குடிப்பதை நிறுத்திய பின்னும் வயிற்றிலுள்ள மது குருதியில் கலந்துகொண்டே இருக்கும்.

இதனை அறியாத நண்பர்கள், "தூங்கட்டும், காலையில் தெளிந்துவிடும்" என்று விட்டுச் செல்கின்றனர். அது பெரும்பிழை. தட்டியும் எழாதவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, அருகிலேயே இருந்து, 108-ஐ அழைத்தல் வேண்டும். வீட்டார் ஏசுவரே என அஞ்சித் தாமதித்தல் ஆகாது. அந்த 108 சேவை 2005 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது நம் ஐதராபாத்தில்தான்.

பயிற்சி
1. எழாதவரை ஏன் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும்?
2. திருக்குறளின் 93-ஆம் அதிகாரத்தின் பெயரைக் கண்டறிந்து எழுதுக.